ஜன்னலுக்கு அந்தப் பக்கத்துச் சம்பந்தி

1

மகளின் கலியாணப் பேச்சுக்கு லண்டனிலிருந்து அத்தானை வரவழைத்தது என்னுடைய முடிவு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி வசந்தி பக்கத்தில் நின்று எழுத வைப்பாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கலியாணப் பேச்சில் பெண்ணின் தகப்பன் வாய் திறக்கக் கூடாது. குடும்பத்தில் மூத்த ஆண் கதைப்பார். தகப்பன் ஓரமாக இருந்து, வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தாரோ, என்னைப் போன்ற வாயாடி ஒருவன் பின்னாளில் பிறப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது உயிரோடு இருக்கும் மூத்த ஆண், அக்காவின் புருஷன். லண்டனில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு முழங்கால் வருத்தம் என்பதால் அவர் தனியாக வந்தார்.

மாப்பிள்ளை டானியல், அமெரிக்கன். பாலங்களின் விரிசலைச் சோதிக்கும் பொறியியலாளன். கொலோனில் என் மகள் அபிரா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குக் கால் முறிவோடு வந்தான். அவள் நடக்கப் பழக்கினாள். அவன் நேராக எங்கள் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டான். கலியாணத்தை ஒஹாயோவில் அவனுடைய சின்ன ஊரில் வைப்பதென்று இருவரும் தங்களுக்குள் தீர்மானித்திருந்தார்கள். பேச்சுக்கு வரப்போவது அவனுடைய தாய் கரோலின் மட்டும். தகப்பன் எப்போதோ பிரிந்து போய்விட்டார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் பயந்தவன் இல்லை. முன்கூட்டியே பயந்து வைத்துக்கொள்பவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஜேர்மனியில் இருந்தவனுக்கு இது ஒரு நல்ல பழக்கமாகத்தான் தெரியும். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் முன்பதிவு வேண்டும்.

2

வுப்பர்டால் ஸ்டேஷனில் அத்தான் இறங்கினார். ஒருவன் தன் பெட்டியை அவருடைய காலின்மேல் ஏற்றினான். அத்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது, வந்திருப்பது முழு வெள்ளைக்காரர்.

தொங்கு ரயிலில் ஆற்றுக்கு மேலாக ஆடிக்கொண்டு வரும்போது தொடங்கினார்.

"எடேய், பெடியனைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. அமெரிக்கச் சனம் தங்கமான சனம். அரசாங்கம்தான் பிழை."

"ஓம் அத்தான்."

"நாங்கள் லண்டனிலை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்."

உண்மைதான். லண்டனுக்குப் போகும்போதெல்லாம் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். அத்தானுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பீற்றர் ஒரு அசல் வெள்ளைக்காரர். அமெரிக்கா எங்கேயாவது குண்டு போட்டால் மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார். பிறகு வரும் விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புளோரிடாவுக்குப் போவார். திரும்பி வந்து, அங்கே உணவகத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி தன்னை 'கண்ணே' என்று கூப்பிட்டதை வேலிக்கு மேலால் பூரிப்போடு சொல்வார். அமெரிக்கர்களைப் பற்றி அவர்கள் கதைப்பது, சத்தம் போட்டுச் சிரிக்கும் ஒரு மருமகனைப் பற்றிக் கதைப்பதுபோல இருக்கும். அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிக் கதைப்பது, கூரை ஒழுகினாலும் வந்து பார்க்காத வீட்டுக்காரனைப் பற்றிக் கதைப்பதுபோல. அந்த வீட்டுக்காரனுக்குப் பின்னால் உங்களுடைய அரசாங்கமும் பை தூக்கிக்கொண்டு போனதே என்று கேட்டால், மழை வரப்போகிறது என்பார்கள். லண்டனில் மழை எப்படியும் வரும்.

ஆனால் அத்தான் அந்த வசனத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. சென்ற வருஷம் நியூஜெர்சியில் அவருடைய ஒரே தம்பி மாரடைப்பில் போய்விட்டார். பிரித்தானியப் பாஸ்போட்டுக்கு இணையத்தில் கிடைக்கும் பயண அனுமதி அவருக்குக் கிடைக்கவில்லை என்பதால் அத்தான் அவசர வீசாவுக்கு ஓடினார். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: ஆயுதம் வைத்திருந்த எவருக்காவது எப்போதாவது உதவி செய்திருக்கிறீர்களா? அத்தான், "ஓம், எண்பதுகளிலை இயக்கப் பெடியளுக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள்" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுக்காத வீடே இல்லை. அதை மறைக்க வேண்டும் என்ற யோசனையே அவருக்கு வரவில்லை. பிரித்தானியப் பிரஜை உண்மை பேசலாம் என்று நினைத்திருக்கிறார்.

வீசா மறுக்கப்பட்டது. தம்பியின் செத்தவீட்டை அவர் சமையலறை மேசையில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்த்தார். பெட்டியை மூடும் நேரத்தில் படம் நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்த வசனத்தை அவர் அதிகமாகச் சொல்கிறார். சனம் தங்கம், அரசாங்கம்தான் பிழை. பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக இருப்பது எப்படி என்று அவருக்கு லண்டன் பழக்கியிருக்கிறது.

3

இனி என் பயத்தின் முழு உருவத்தையும் காட்டுகிறேன்.

அத்தானுக்கு டிக்கெட் எடுத்து முடிந்த பிறகுதான் அபிரா என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, டானியலின்ரை அம்மா என்ன வேலை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"கந்தோர் எண்டு சொன்னாய்."

"கந்தோர்தான். வீசாக் கந்தோர். ஜன்னலிலை இருந்து ஆக்களை விசாரிக்கிறவ."

எந்த நாட்டின் ஜன்னல் என்று நான் கேட்கவில்லை. எந்த நகரத்தில் என்பதை எழுதக்கூடாது என்று மகள் கட்டளை போட்டிருக்கிறாள்.

"மாமாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, அப்பா. முதல்லை அவவை ஒரு மனிசியாப் பாக்கட்டும். வேலையைப் பிறகு சொல்லுவம்."

மூத்தவர் சம்மதம் சொல்லாமல் கலியாணம் இல்லை என்று மகள் பிறந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்தவன் நான். இப்போது அந்த மூத்தவரை, தம்பியைக் கடைசியாகப் பார்க்க அவரை விடாத அதே மாதிரி ஜன்னல் ஒன்றின் சொந்தக்காரிக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தப் போகிறேன். அவர் எழும்பிப் போனால் அபிராவின் கலியாணம் நடக்காது. அல்லது எங்கள் ஒருவரும் இல்லாமல் நடக்கும். இரண்டாவதுதான் நடக்கும் என்று அவளுடைய தாடை சொன்னது. அந்தத் தாடை என்னுடைய குடும்பத்துச் சொத்து. அதோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இரத்த அழுத்தம். இரண்டு தடவை அளந்தேன். இரண்டு தடவையும் சரியாக இருந்தது. கருவி பழுதென்று திருப்பிக் கொடுத்தேன்.

4

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன் ஊவே. நாங்கள் இருவரும் பூட்டுக்குள் போகும் சின்னச் சின்னச் சுருள் வில்லுகளைச் சோதிப்பவர்கள். அவனிடம் அத்தானின் வசனத்தை ஜேர்மனில் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சனம் நல்லது, அரசாங்கம்தான் பிழை. லண்டனில் நன்றாகப் போகும் சரக்கு, இங்கே எப்படிப் போகிறது என்று பார்ப்போமே.

ஊவே தன் பாணை மெதுவாகச் சப்பி விழுங்கினான்.

"என்னுடைய தாத்தா ரயில்வேயில், முகாம்களுக்குப் போன ரயில்களுக்கும் நேர அட்டவணை போட்டவர்" என்றான். "யுத்தம் முடிந்த பிறகு அவரும் அதைத்தான் சொன்னாராம். நாங்கள் சனம், அது அரசாங்கம் என்று. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்களாம். தேடிப் பார்த்தால் அரசாங்கத்தில் ஒருவருமே இருந்திருக்கவில்லை."

பிறகு என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்து, அந்த வடையில் ஒன்று தருவாயா என்று கேட்டான். எனக்குப் பசி போய்விட்டது. முழுவதையும் கொடுத்தேன்.

அபிரா படித்ததும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான். அந்தக் காலத்தில் தாள்களில் முத்திரை குத்தியவர்கள் யார், அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்கள் என்றெல்லாம் இங்கே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். பேச்சு நடக்கவிருந்த ஞாயிறு காலையில் அத்தான் தேத்தண்ணியோடு மறுபடி வசனத்தை எடுத்தபோது அவள் கேட்டாள்.

"மாமா, சிங்களச் சனத்தையும் கொழும்பு அரசாங்கத்தையும் பற்றி அப்பிடிப் பிரிச்சுச் சொல்லுவீங்களோ?"

அத்தான் கரண்டியால் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சீனி போடுவதில்லை.

"அது வேறை, பிள்ளை."

"எப்பிடி வேறை?"

"வெளியிலை மழை வரப்போகுது போல கிடக்கு."

அசல் வெள்ளைக்காரர்.

5

கரோலின் நேரத்துக்கு வந்தார். உயரமான, நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டிய பெண்மணி. மகன் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மற்றக் கையில் தானே சுட்ட பிஸ்கட் நிறைந்த தகரப் பேணி. டானியல் "வணக்கம் மாமா" என்று அத்தானுக்குச் சொல்லி, மனப்பாடம் செய்த பயத்தோடு என்னையும் பார்த்து அதையே சொன்னான். பயத்தில் எங்களுக்குள் இருந்த ஒற்றுமையைக் கண்டு எனக்கு அவன்மேல் அன்று அன்பு பெருகியது.

நான் வழக்கப்படி ஓரக் கதிரையில் இருந்தேன். முன்னால் பயற்றம் பணியாரத் தட்டு. பேச்சு ஆங்கிலத்தில். வசந்திக்கு அபிரா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தான் தொண்டையைச் செருமினார். நான் பணியாரத் தட்டைக் கரோலின் பக்கம் தள்ளினேன்.

"முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்" என்றார் அத்தான், தன்னுடைய மிகத் திறமான பஸ் கம்பனி ஆங்கிலத்தில். "உங்கள் சனத்தின்மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை. உங்கள் அரசாங்கத்தைப் பற்றித்தான் எங்களுக்கு முறைப்பாடு."

நான் தட்டைத் திரும்ப இழுத்தேன். பணியாரத்துக்குக் கைநீட்டிய கரோலினின் விரல்கள் காற்றில் நின்றன.

அவர் சிரித்தார். "நான் லண்டனில் சில வருஷம் இருந்திருக்கிறேன். நீண்ட காலத்துக்கு முன். டாக்ஸிக்காரர், வீட்டுக்காரர், எல்லோரும் இதைச் சொல்வார்கள். உன்னை இல்லை, உன் அரசாங்கத்தைத்தான் என்று. என் பல் வைத்தியரும் சொன்னார். மறுத்துப் பேச முடியவில்லை. வாய்க்குள் அவருடைய கை."

டானியல் சிரித்தான். வசந்தி மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்த பிறகு சிரித்தாள்.

"அப்படியானால் உங்களுக்கும் சம்மதம்தானே?" என்றார் அத்தான்.

"நல்ல வசனம். அன்பாகத்தான் சொல்கிறார்கள்." கரோலின் கையை மடியில் வைத்துக்கொண்டார். "ஆனால் எனக்கு அது பொருந்தாது."

"ஏன்?"

நான் மறுபடி தட்டைத் தள்ளினேன். இந்த முறை அது மேசையின் ஓரத்துக்குப் போய்விட்டது. அபிரா என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டீர்களா, இல்லையா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் கண்ணை மூடினேன்.

"நான்தான் அரசாங்கம்" என்றார் கரோலின். "உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். வீசா ஜன்னலில் இருப்பவள் நான்."

6

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி இவ்வளவு சத்தம் போடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அத்தான் எழும்பவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். தம்பியின் கதையைக் கரோலினுக்குச் சொன்னார். சத்தம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சலைச் சொன்னார். அந்தக் கேள்வியைச் சொன்னார். சீனிப் போத்தலையும் சொன்னார்.

வசந்தியால் பொறுக்க முடியவில்லை. தமிழில் என் காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு வீடு முழுவதற்கும் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இவவிட்டையே சொல்லி அத்தானுக்கு ஒரு வீசா எடுக்கலாம்தானே? கலியாணத்துக்கு வரவேணுமே."

"அம்மா!" என்றாள் அபிரா.

என்ன சொல்கிறார் என்று கரோலின் கேட்டார். மகள் மறைக்காமல் மொழிபெயர்த்தாள். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

கரோலின் தலையை ஆட்டினார். "முடியாது. அவருடைய கோப்பை நான் திறந்து பார்க்கவும் கூடாது. இப்போது சொந்தமாகப் போகிறோம் என்பதால் இன்னும் கூடாது."

வசந்தி வாயில் கை வைத்தாள். எங்கள் ஊரில் கந்தோரில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் வரிசை எங்கே தொடங்குகிறது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. சொந்தமாகிவிட்டதால் கதவு பூட்டப்படும் ஒரு நாட்டில் மகளைக் கொடுக்கப் போகிறோமே என்ற கவலை அவள் முகத்தில் எழுதியிருந்தது.

அப்போது அத்தான் கேட்டார்.

"ஒன்று கேட்கிறேன். உங்கள் ஜன்னலுக்கு நான் வந்திருந்தால், அதே பதிலைச் சொல்லியிருந்தால், தந்திருப்பீர்களா?"

டானியல், "அம்மா" என்றான், மெதுவாக. ஒரு நல்ல பொய்க்கான வேண்டுகோள் அது. எந்தத் தாய்க்கும் விளங்கும். நானும் மனதுக்குள் அவனோடு சேர்ந்து கேட்டேன். தந்திருப்பேன் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. எங்களுக்கு எல்லாம் சுபமாக முடிந்துவிடும். லண்டனில் பீற்றர்கூட அதைத்தான் சொல்லியிருப்பார்.

கரோலின் மகனைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்தார்.

"இல்லை. மறுத்திருப்பேன். அந்தப் பதிலுக்குச் சட்டம் எனக்கு வேறு வழி வைக்கவில்லை. வீட்டுக்குப் போகும் ரயிலில் உங்களை நினைத்திருப்பேன். பிறகு ரயிலால் இறங்கிக் கடைக்குப் போயிருப்பேன். உங்களுடைய முகம் இன்று எனக்கு நினைவிருந்திருக்காது. அப்படித்தான் அந்த வேலை."

அபிராவின் கை டானியலின் கைக்குள் இருந்தது. இருவருடைய விரல்களும் வெளுத்துப்போயிருந்தன.

அத்தான் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"எடேய், ஒரு வருஷமா லண்டனிலை எல்லாரும் என்னட்டை 'அநியாயம், அநியாயம்' எண்டு சொல்லிச்சினம். பீற்றர் கட்டிப் பிடிச்சுச் சொன்னவன். எல்லாருக்கும் நான் தாங்ஸ் சொன்னனான். ஒருத்தரும் 'நான்தான் செய்தனான்' எண்டு எனக்கு முன்னாலை வந்து இருக்கேல்லை. இவதான் வந்து இருக்கிறா."

"அத்தான்..." என்றேன். வழக்கத்தை மீறி நான் திறந்த வாய் அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

அபிரா அத்தான் சொன்னதைக் கரோலினுக்குச் சொன்னாள். கரோலின் தன்னுடைய பிஸ்கட் பேணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மூடியை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று யோசிப்பவர்போல இருந்தது. பிறகு திறந்தார்.

"அவர் ஒஹாயோவுக்கு வர முடியாது. அதை நான் மாற்ற முடியாது" என்றார். "அப்படியானால் ஒஹாயோ இங்கே வரட்டும். கலியாணத்தை வுப்பர்டாலில் வைப்போம்."

"அம்மா, ஊரில் இருக்கும் தாத்தா விமானத்தில் ஏறமாட்டார்" என்றான் டானியல்.

"ஏற்றுவோம்."

அத்தான் பேணிக்குள் கை விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்தார். அவருக்குச் சீனி வருத்தம். நான் தடுக்க வாயெடுத்தேன். வசந்தி என் காலை மிதித்தாள். அத்தான் அதை முழுவதும் தின்றார். எங்கள் வீட்டில் சம்மதம் சொல்வது இப்படித்தான்: வந்தவர்கள் கொண்டுவந்ததை மூத்தவர் முதலில் வாயில் வைக்க வேண்டும்.

"இனிப்புக் கூடிப்போச்சு" என்றார் தமிழில். அபிரா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

7

சுபம் என்று போட்டுவிடலாம்தான். ஆனால் இது ஜேர்மனி.

இங்கே பதிவுக் கலியாணம் செய்ய, மாப்பிள்ளை கலியாணம் செய்யத் தகுதியானவர் என்று அவருடைய நாடு ஒரு பத்திரம் தர வேண்டும். அந்தப் பத்திரத்தின் ஜேர்மன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கு வயது போய்விடும். அமெரிக்க அரசாங்கம் அப்படி ஒரு பத்திரம் கொடுப்பதே இல்லை. ஆகவே, தராது என்பதை விளக்கி, விலக்குக் கேட்டு, மேலே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சென்ற கிழமைதான் பதிவு அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், கிடைத்தது. டானியல் பாலமொன்றில் தொங்கிக்கொண்டிருந்ததால் அவனுடைய தாள்களோடு கரோலின் வந்தார். வழி காட்ட நான் போனேன். வழி எனக்குத் தெரியும். அந்தக் கதிரைகளில் பாதி என்னுடைய உருவத்துக்கு வளைந்தவை.

இலக்கச் சீட்டு எடுத்தோம். கூப்பிட்டார்கள். அதிகாரி தாள்களைப் புரட்டி, பிறப்புப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் ஒரு முத்திரை குறைகிறது என்றாள். வெளியே இருங்கள், மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள்.

கரோலின் வந்து என் பக்கத்தில் இருந்தார். கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினார். மூடிய கதவைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி கதவு. எனக்கு அந்த முகத்தைத் தெரியும். அந்த முகத்தை முப்பது வருஷமாகக் கண்ணாடியில் சவரம் செய்கிறேன்.

"நான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா?" என்று கேட்டார். "அவள் ஏன் அப்படிப் பார்த்தாள்?"

"இல்லை. அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்" என்றேன். பயத்தில் அவ்வளவு அனுபவமுள்ள ஒருவன் பக்கத்தில் இருப்பது அவருடைய அதிர்ஷ்டம்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்லமாட்டார்கள்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடமாடும் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது லண்டனிலிருந்து அத்தான் கைபேசியில் அழைத்தார்.

"என்னடா, பதிஞ்சாச்சோ? அரசாங்கம் என்ன செய்யுது?"

"அரசாங்கம் நம்பர் எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்திலை இருக்குது, அத்தான். முத்திரை ஒண்டு காணாதாம். பை வாரை விரலிலை சுத்திச் சுத்தி இறுக்குது."

சிரிக்கப் போகிறார் என்று காதிலிருந்து கைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். பஸ் ஓட்டியவரின் சிரிப்பு பலமானது.

"பாவம்" என்றார் அத்தான். "எழும்பிப் போய் அவவுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடு. நிறையச் சீனி போடச் சொல்லு."